பழைய படகு இயந்திரமும் அமுக்கச் சோதனையும்

இலண்டனில் 1820ஆம் ஆண்டு முழுமை பெற்ற ரீஜன்ட்ஸ் கால்வாயிலும் தேம்ஸ் நதியிலும் பழைய டீசல் படகுகளை இன்றும் காண்கிறோம். டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. உருளைக்குள் காற்று ஏறத்தாழ 20இல் ஒரு பங்களவுக்கு அமுக்கப்படுகையில் எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கின்றது. அமுக்கம் குன்றின் இயந்திரம் குளிர்காலத்தில் எளிதில் இயங்காது.

மாணவர்களே, அதனைச் சோதிக்கும் முறை இது. இயந்திரத்தை முதலில் சூடேற்றி நிறுத்துக. எரிபொருளை அடைத்து, இன்ஜெக்டர்கள் அனைத்தையும் கழற்றுக. டீசலுக்குரிய அமுக்கமானியை ஒவ்வோர் உருளையிலும் பொருத்தி, ஸ்டார்ட்டரால் சுழற்றி, அளவுகளை ஒப்பிடுக. பெட்ரோல் இயந்திர மானி இவ்வமுக்கத்தைத் தாங்காது.

ஓர் உருளை மட்டும் தாழ்ந்திருப்பின், அதில் சிறிதளவே எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க. அளவு உயர்ந்தால் தேய்ந்தவை பிஸ்டன் வளையங்கள் அல்லது உருளைச் சுவர். உயராவிடின் வால்வையோ கேஸ்கட்டையோ ஐயுறுக. அடுத்தடுத்த இரண்டு உருளைகள் தாழ்ந்திருப்பின் பெரும்பாலும் கேஸ்கட்டே பழுது.

ஓர் எச்சரிக்கை: ஆற்றுநீரைப் புகைக்குழாய் வழியே வெளியேற்றும் படகில், இயந்திரம் இயங்காது நெடுநேரம் சுழன்றால், அங்குத் தேங்கும் நீர் உருளைக்குள் புகுந்து பெருங்கேடு விளைக்கும். ஆதலின் சோதனைக்கு முன் நீர் உள்வரும் வால்வை மூடுக. இயக்குமுன் மறவாது திறக்க.

பழையது என்பதனாலேயே ஒன்றைக் கழித்தல் ஆகாது. அளந்தறிந்து முடிவு செய்தலே அறிவுடைமை.