காற்றுப்பட்டையின் அழுத்தமும் கால்களின் இரத்த ஓட்டமும்

முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குப் பின்னரும், தசைநார்ச் சீரமைப்புக்குப் பின்னரும் எம்மிடம் வருவோர் பலருக்குத் தொடைத்தசை மெலிந்து போயிருக்கும். தசை மீண்டும் தடிக்க, ஒருவர் தூக்கக்கூடிய உச்ச எடையில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் தூக்கிப் பழகுவதே வழக்கமான முறை. அறுவை ஆறிவரும் மூட்டு அதனைத் தாங்காது. இத்தகையோருக்கு உதவுவதே இரத்த ஓட்டக் கட்டுப்பாட்டுப் பயிற்சி. தொடையின் மேற்பகுதியில் காற்றுப்பட்டையைக் கட்டி, உச்ச எடையில் 20 முதல் 40 விழுக்காட்டை மட்டும் தூக்கச் செய்கிறோம்.

இம்முறை ஜப்பானில் தோன்றியது. 1966-ஆம் ஆண்டில் யோஷியாகி சாட்டோ என்பவர், ஒரு நீத்தார் சடங்கில் நெடுநேரம் மண்டியிட்டு அமர்ந்திருந்தபோது, கடும் பயிற்சிக்குப் பின் உண்டாகும் இறுக்கம் தம் கெண்டைக்காலில் தோன்றுவதை உணர்ந்தார். பந்தியில் சம்மணமிட்டு அமர்ந்து கால் மரத்துப்போன அனுபவம் நம் அனைவருக்கும் உண்டு. அதை ஆராயும் எண்ணம் அவருக்குத்தான் வந்தது.

பட்டை செய்யும் வேலையைத் தாமிரபரணிப் பாசனத்தில் வாழ்வோர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். வயலின் வாமடையைச் சற்றே திறந்து வைத்து, வடிகாலை அடைத்தால், நீர் உள்ளே வந்து தேங்கும். தமனிகள் ஆழத்தில், தடித்த சுவருடன், உயர் அழுத்தத்தில் இரத்தத்தைக் கொண்டு வருகின்றன. சிரைகளோ மெல்லிய சுவர் உடையவை. சிறு அழுத்தத்திலேயே மூடிக்கொள்ளும். ஆகவே அளவான அழுத்தத்தில் இரத்தம் உட்செல்வது குறையும். திரும்பிச் செல்வது பெரிதும் தடைப்படும். தசையில் ஆக்சிஜன் குறைந்து கழிவுப்பொருள்கள் சேரும்போது, பெரும்பளுவுக்கு மட்டுமே விழித்தெழும் தசைநார்கள் இலேசான எடைக்கும் வேலை செய்யத் தொடங்குகின்றன.

வாமடையையும் சேர்த்து அடைத்துவிட்டால் என்னாகும்? தமனி முழுவதும் மூடினால் பயன் கூடுவதில்லை. வலி கூடும், நரம்பு நசுங்கும், உடலின் இரத்த அழுத்தம் ஏறும். எனவே ஒவ்வொருவருக்கும் தமனி முற்றிலும் மூடும் அழுத்தத்தை முதலில் டாப்ளர் கருவி கொண்டு, பயிற்சி செய்யும் நிலையிலேயே அளக்கிறோம். அதில் 40 முதல் 80 விழுக்காடு வரையே பட்டையில் வைக்கப்படும். கைக்கு இன்னும் குறைவாக, பெரும்பாலும் 50 விழுக்காட்டுக்குள்.

ஒருவருக்குத் தமனி மூடும் அழுத்தம் 200 மி.மீ. எனக் கொள்வோம், அவருக்கு 60 விழுக்காடு என்பது 120. மற்றொருவருக்கு அது 140 என்றால், அவருக்கு 84 போதும். இருவருக்கும் ஒரே அளவாக 150 என்று ஏற்றினால், முதலாமவருக்கு இரத்தம் ஓடும். இரண்டாமவரின் கால் வெளுத்துவிடும். தொடையின் சுற்றளவும், அவரவர் இரத்த அழுத்தமும், பட்டையின் அகலமும் இதனைத் தீர்மானிக்கின்றன. அகலமான பட்டைக்குக் குறைந்த அழுத்தம் போதும். குறுகலான பட்டைக்கு மிகுதியாகத் தேவைப்படும். கைபேசியில் காணொளி பார்த்துவிட்டு வீட்டில் எலாஸ்டிக் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொள்வதை நாங்கள் ஏன் கண்டிப்புடன் தடுக்கிறோம் என்பது இதிலிருந்தே விளங்கும். நாடா எத்தனை மி.மீ. இறுக்குகிறது என்று கட்டியவருக்கே தெரியாது.

முதலில் 30 முறை, பின்னர் 15 முறை வீதம் மூன்று சுற்று, இடையே அரை நிமிட ஓய்வு என்பது வழக்கம். ஒரு பயிற்சி 5 முதல் 10 நிமிடத்தில் முடிந்து பட்டை தளர்த்தப்படும். கால் சற்றுச் சிவப்பதும் தசை எரிவதும் இயல்பு. பாதம் வெளுத்தாலோ, மரத்தாலோ, நகத்தை அழுத்தி விட்டபின் 3 விநாடிக்குள் நிறம் திரும்பாவிட்டாலோ பட்டையை உடனே தளர்த்துமாறு கேட்க வேண்டும். மறுநாள் சிறுநீர் கட்டன்காபி நிறத்தில் போனால் அன்றே மருத்துவரிடம் வருக.

காலில் இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள், சர்க்கரை நோயால் பாதத்தில் நாடித்துடிப்பு குறைந்தவர்கள், கட்டுக்குள் வராத இரத்தக் கொதிப்பு உடையவர்கள், கருவுற்றவர்கள் ஆகியோருக்கு இப்பயிற்சியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா செய்யப்பட்ட கையில் இப்பட்டையை மட்டுமன்று, இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையையும் கட்டக்கூடாது. இதனை நோயாளியே செவிலியரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுதல் நலம்.

இவ்விடத்தில் வேறொரு கட்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. நடவுக் காலத்தில் வயலில் பாம்பு தீண்டினால், கடிவாய்க்கு மேலே கயிற்றாலோ துண்டாலோ இறுக்கிக் கட்டும் பழக்கம் இன்னும் மறையவில்லை. அது நஞ்சைத் தடுக்காது. தமனியை அடைத்துக் காலையே அழுகச் செய்யக்கூடும். கட்டாமல், காலை அசைக்காமல், நடக்க விடாமல் கொண்டு வர வேண்டும். ஏற்கெனவே கட்டியிருந்தால் வழியில் சட்டென அவிழ்க்க வேண்டா. தேங்கிய நஞ்சு ஒரே வேகத்தில் உடலெங்கும் பரவிவிடும். மருத்துவமனையில், கட்டுக்குக் கீழே நாடி துடிக்கவில்லையெனில், இரத்த அழுத்தக் கருவியின் பட்டையை இட்டுக் காற்றேற்றி, கயிற்றை நீக்கியபின் அழுத்தத்தைச் சிறிது சிறிதாக மருத்துவரே இறக்குவார்.