கேனப்பிக்கு ஹெட்லைட் வைத்தியம்

விமானப் பைத்தியம் பிடிக்க ஓசூரில் காரணம் உண்டு. தளி சாலையில் பெலகொண்டப்பள்ளியில் ஓடுபாதை இருக்கிறது. 1994-இல் தொடங்கிய தனேஜா ஏரோஸ்பேஸ், இத்தாலியின் பார்ட்டனேவியா நிறுவனத்தோடு சேர்ந்து ஆறு பேர் அமரும் பி-68 விமானத்தைச் செய்தது அங்கேதான். கர்நாடக எல்லை தாண்டினால் எலஹங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி. இந்தப் பைத்தியம் முற்றி 1/72 அளவில் மாடல் கிட் வாங்கி ஒட்ட ஆரம்பித்தவர்களுக்கு என்றாவது ஒருநாள் கேனப்பி, அதாவது விமானி அறையை மூடும் தெளிவான பிளாஸ்டிக் மூடி, மங்கும்.

யோசனைக்கு அப்போது பஞ்சமே இருக்காது. பைக் மெக்கானிக் ஒன்று சொல்வார், வாட்ச் ரிப்பேர்காரர் ஒன்று சொல்வார், பெயின்ட் கடையில் இன்னொன்று. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தம் தொழிலில் புழங்கும் பிளாஸ்டிக்குக்குச் சொல்கிறார்கள். இக்கால பைக்கின் ஹெட்லைட் முகம் பெரும்பாலும் பாலிகார்பனேட். பழைய எச்.எம்.டி. ஜனதா வாட்சின் 'கண்ணாடி' அக்ரிலிக். கிட்டில் வரும் கேனப்பியோ பெரும்பாலும் பாலிஸ்டைரீன்: விறைப்பானது, கொஞ்சம் அழுத்தினாலும் படக்கென்று விண்டுவிடும்.

நம்பிக்கை: சூப்பர் குளூ பட்டு வெளுத்த கேனப்பி வெந்துபோனது, தூக்கிப்போட வேண்டியதுதான்.

உண்மை: வேகவில்லை. பசை காயும்போது கிளம்பும் ஆவி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகி, மேலே வெள்ளையாகப் படிகிறது. போலீஸ் தடயவியலில் கைரேகை எடுக்கப் பயன்படுத்துவதும் இதே ஆவியைத்தான். வெளுத்த கேனப்பியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், சில சமயம் உங்கள் கட்டைவிரல் ரேகையே அச்சடித்ததுபோல் நிற்கும். படிவு மேலே மட்டும்தான் என்பதால் தேய்த்து எடுத்துவிடலாம். உட்பக்கம் படிந்திருந்தால்தான் வம்பு. ஒட்டிய கேனப்பியைப் பெயர்த்தெடுக்காமல் வழியில்லை.

தேய்க்குமுன் ஒரு சோதனை. மங்கலான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தெளிந்துவிட்டால் குறை மேற்பரப்பில்தான் இருக்கிறது. மேடுபள்ளத்தில் ஒளி சிதறுவதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. பள்ளத்தைத் தண்ணீர் நிரப்பியதும் சிதறல் குறைந்துவிடுகிறது. பாலிஸ்டைரீனின் ஒளிவிலகல் எண் 1.59, தண்ணீருடையது 1.33, காற்றுடையது 1. தண்ணீர் விட்டும் கோடு பளபளவென்று மின்னினால் அது உள்ளே ஓடும் விரிசல். அதை எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

டூத்பேஸ்ட் தேய்த்தால் கீறல் போய்விடும் என்பார்கள். ஜனதா வாட்ச் காலத்திலிருந்து வரும் நம்பிக்கை இது, பாதி உண்மையும்கூட. பேஸ்டில் இருக்கும் சிலிக்கா அல்லது கால்சியம் கார்பனேட் துகள்தான் தேய்க்கிறது. வெள்ளை நிறத்துக்கும் புதினா வாசனைக்கும் அதில் பங்கில்லை. மெல்லிய கீறலுக்குப் போதும். ஆழமான கீறலுக்கு 1500, 2000, 3000 என்று வாட்டர் பேப்பரைப் படிப்படியாக ஏற்றி, தண்ணீர் தொட்டுத் தேய்த்து, கடைசியில் பாலிஷ் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் முந்தைய தாளின் கோடுகள் முழுக்க மறைந்த பிறகே அடுத்த தாள். இதில் அவசரப்படுகிறவர்கள்தான் டூத்பேஸ்டைத் திட்டுகிறார்கள்.

ஹெட்லைட்டுக்கு அதே பேஸ்ட் வேறு விதமாக ஏமாற்றும். பாலிகார்பனேட் மேல் வெயிலைத் தடுக்கும் பூச்சு ஒன்று ஆலையிலேயே போட்டிருப்பார்கள். பேஸ்டால் தேய்த்தால், வெயிலில் ஏறிய மஞ்சளோடு மிச்சமிருக்கும் பூச்சும் தேய்ந்துபோகும். புதிதாகப் பூச்சு கொடுக்காவிட்டால் சில மாதங்களில் பழைய மஞ்சளே திரும்பி வரும்.

நம்பிக்கை: தின்னரோ பெட்ரோலோ தொட்டு ஒரு துடை துடைத்தால் போதும்.

உண்மை: தின்னர் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். பெட்ரோல் துடைத்தவுடன் பளிச்சென்றுதான் இருக்கும். அச்சில் வார்க்கும்போது தங்கிய இழுவிசை உள்ள ஓரங்களில் பிறகு மயிரிழை வெடிப்புகள் கிளம்பும். சோப்புத் தண்ணீரே போதும்.

டிரில்லில் பஃப் மாட்டிச் சுற்றுவதும் ஹெட்லைட்காரர் பழக்கம்தான். உராய்வில் சூடு ஏறும். பாலிகார்பனேட் இளக சுமார் 147 டிகிரி வேண்டும். பாலிஸ்டைரீன் 100 டிகிரிக்கு முன்னும் பின்னுமே இளகிவிடும், அதுவும் கேனப்பி மெல்லிசு. கையால் தேய்ப்பது அலுப்புதான், வேறு வழியில்லை.

அமோனியா கலந்த கிளீனர் ஆகாது என்பது பாலிகார்பனேட்டுக்குச் சரியான எச்சரிக்கை. பாலிஸ்டைரீன் கேனப்பியில் கதை தலைகீழ். பளபளப்புக்காக எப்போதோ பூசிய அக்ரிலிக் தரை பாலிஷ் பழுத்து மஞ்சளாகியிருந்தால், அதைக் கழற்ற அமோனியாதான் கைகொடுக்கும். பிளாஸ்டிக்கே மஞ்சளாகிவிட்டதென்று கைவிடப்பட்ட சில கேனப்பிகளில் உண்மையில் பழுத்தது அந்தப் பூச்சு மட்டும்தான்.

தேய்த்து முடித்த பிறகு மிஞ்சும் நுண்கோடுகளுக்குத் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் கிளாஸ் வார்னிஷை மெல்லிசாக ஒரு கை பூசலாம். தண்ணீர்ச் சொட்டு செய்த வேலையை இது நிரந்தரமாகச் செய்யும். கார் பெயின்ட் கடை லாக்கர் ஸ்ப்ரே வேண்டாம், அதில் இருப்பதும் தின்னர்தான். கேனப்பியைத் திரும்ப ஒட்ட ஃபெவிகால் போதும். காய்ந்தால் நிறம் தெரியாது, புகையும் கிளம்பாது. எதைத் தொடுவதானாலும் கிட்டில் தெளிவான பாகங்களைத் தாங்கி வந்த ஸ்ப்ரூ சட்டத்தின் துண்டில் முதலில் தடவி, ஒருநாள் விட்டுப் பாருங்கள். அதற்காகவாவது ஸ்ப்ரூவைக் குப்பையில் போடாதீர்கள்.