திரை காட்டுவதும் உள்ளே நடப்பதும்

நம்பிக்கை: திறந்த ஆப்களை அவ்வப்போது தள்ளி மூடினால் சார்ஜ் மிச்சமாகும்.

உண்மை: 'சமீபத்திய ஆப்கள்' பட்டியலில் உள்ளவை எல்லாம் ஓடிக்கொண்டிருப்பவை அல்ல. பாட்டு, வழிகாட்டி போன்ற சிலவற்றைத் தவிர, பின்னணிக்குப் போன ஆப்களைப் பெரும்பாலும் இயங்குதளம் உறங்கவைத்து ராமில் வைத்திருக்கும். இடம் போதாவிட்டால் அதுவே வெளியேற்றும். மூடிய ஆப்பை மறுபடி திறந்தாலோ, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். பிராசசருக்கு வேலை, பேட்டரிக்குச் செலவு.

2016 மார்ச்சில் ஒரு பயனர் ஆப்பிளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்: நீங்கள் இப்படி ஆப்களை மூடுவதுண்டா, பேட்டரிக்கு அது தேவையா? மென்பொருள் பிரிவின் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி இரண்டு கேள்விக்கும் 'இல்லை' என்றே பதில் எழுதினார். ஆப் உறைந்துபோனால் மட்டும் தள்ளி மூடலாம்.

நம்பிக்கை: ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தால் கோப்பு ஒழிந்தது.

உண்மை: ஹார்டு டிஸ்க்கில் அழிவது, கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவுதான். அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை தரவு அப்படியே கிடக்கும். தவறுதலாக அழித்த கல்யாணப் படங்களை மீட்க முடிவதும், விற்ற பழைய கணினியிலிருந்து வங்கி விவரங்களை எடுக்க முடிவதும் இதனால்தான். எஸ்எஸ்டியில் கதை வேறு. எந்தப் பகுதிகள் இனி வேண்டாம் என்று 'ட்ரிம்' கட்டளை டிரைவுக்குச் சொல்லிவிடும். அதன்பின் மீட்பது அரிது.

நம்பிக்கை: வைஃபை கோடுகள் நிறைந்திருந்தால் இணையம் பறக்கும்.

உண்மை: அந்தக் கோடுகள் காட்டுவது கைப்பேசிக்கும் ரவுட்டருக்கும் இடையிலான சிக்னலை மட்டுமே. தெருமுனையில் கேபிள் அறுந்து கிடந்தாலும் அவை குறையாது.

'100 எம்பிபிஎஸ்' திட்டத்திலும் இதே மயக்கம் உண்டு. அது மெகாபிட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட் என்பதால், நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் வரும். 1 ஜிபி படம் இறங்கக் குறைந்தது 80 நொடி ஆகும்.

நம்பிக்கை: முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு இருந்தால் நம்பகமான தளம்.

உண்மை: வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி தகவல் மறைகுறியாக்கப்படுகிறது என்பதற்கு மட்டுமே பூட்டு சாட்சி. மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்பது அதற்குத் தெரியாது. இதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைப்பதால், வங்கியைப் போல வேடமிடும் போலித் தளங்களும் பூட்டோடுதான் வருகின்றன. பூட்டைப் பலரும் தவறாகப் புரிந்துகொண்டதைக் காரணம் காட்டி, 2023 செப்டம்பரில் வெளியான குரோம் 117இல் கூகுள் அதை எடுத்துவிட்டு, 'அமைப்புகள்' என்பதைச் சுட்டும் சாதாரணக் குறியை வைத்தது.