காரணம் சொல்லும் முன் கணக்கு: குற்றாலம் சீசனும் ஏழு நம்பிக்கைகளும்

தென்காசி வட்டாரத்து வியாபாரத்தில் பாதி, ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது: "அருவியில தண்ணி எப்படி விழுது?" பேரருவியிலும் ஐந்தருவியிலும் நன்றாக விழுந்தால் விடுதி, பரோட்டா கடை, சிப்ஸ் கடை, பழக்கடை, ஆட்டோ என்று எல்லோர் கையிலும் காசு புழங்கும். விழாவிட்டால் எல்லோருக்கும் கஷ்டம். இப்படி ஒரே காரணம் ஊரையே ஆட்டிவைக்கும்போது மற்றக் காரணங்களைத் தப்பாக எடைபோடுவது மிகச் சுலபம். நல்ல சீசனில் எதைச் செய்தாலும் பலித்ததுபோல் தோன்றும். மோசமான சீசனில் எதைச் செய்தாலும் பாழானதுபோல் தோன்றும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் புள்ளியியலில் எளிய வழி ஒன்று உண்டு. நம் முயற்சியால் எதுவுமே மாறவில்லை என்று முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியிருந்தும், கண்ணில் பட்ட இந்த விளைவு தற்செயலாகவே வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட வேண்டும். அந்த முதல் அனுமானத்துக்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். கல்லூரித் தேர்வோடு நின்றுவிடக்கூடாத அறிவு இது. கல்லாப்பெட்டிக்கும் வீட்டுக்கும் வேண்டியது. அதற்குக் குறுக்கே நிற்கும் ஏழு நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: "புது போர்டு வைத்தேன், விற்பனை கூடிவிட்டது. போர்டுதான் காரணம்."

உண்மை: போர்டு வைத்தது ஜூன் மாதம் என்றால், விற்பனையைக் கூட்டியது சாரலாக இருக்கலாம். முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று பார்ப்பது மட்டும் போதாது. போர்டே வைக்காமல் இருந்திருந்தால் எவ்வளவு விற்றிருக்கும் என்பதற்கும் ஓர் அளவு வேண்டும். போன வருடம் இதே வாரங்களில் நடந்த விற்பனை அப்படி ஓர் அளவு. அதே தெருவில் எதையும் மாற்றாத இன்னொரு கடை அதைவிட நல்ல அளவு.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். போர்டு மாற்றிய சிப்ஸ் கடையில் மே மாதம் நாளுக்கு 40 கிலோ, ஜூலையில் 70 கிலோ. ஏற்றம் 75 விழுக்காடு. போர்டை மாற்றாத பக்கத்துக் கடையில் மே மாதம் 30, ஜூலையில் 54. ஏற்றம் 80 விழுக்காடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், போர்டால் வந்த லாபம் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

கடை வாசலைத் திருப்பி வைத்ததும் வியாபாரம் நிமிர்ந்தது என்பதும் இதே வகைதான். படுமோசமான வருடத்துக்கு அடுத்த வருடம் பெரும்பாலும் சுமாராகவாவது இருக்கும். எந்தப் பரிகாரமும் செய்யாமலே அது நடக்கும். பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்ட பிரான்சிஸ் கால்டன், சராசரிக்குத் திரும்பும் இந்தப் போக்கை 1886லேயே எழுதிவைத்தார். மனிதர்கள் பரிகாரம் தேடுவது நிலைமை அடிமட்டத்துக்குப் போனபோதுதான். அதனால்தான் பரிகாரங்கள் பலிப்பதுபோல் தெரிகின்றன.

நம்பிக்கை 2: "கேரளத்தில் ஜூன் 1ல் மழை இறங்கணும். ஒரு வாரம் தள்ளினால் சீசன் போச்சு."

உண்மை: ஜூன் 1 என்பது சராசரி. இந்திய வானிலை ஆய்வுத் துறை கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதாக அறிவித்த நாள்களைப் பாருங்கள். 2016ல் ஜூன் 8, 2017ல் மே 30, 2018ல் மே 29, 2019ல் ஜூன் 8, 2020ல் ஜூன் 1, 2021ல் ஜூன் 3, 2022ல் மே 29, 2023ல் ஜூன் 8, 2024ல் மே 30, 2025ல் மே 24. பத்து வருடங்களின் சராசரி கிட்டத்தட்ட ஜூன் 1தான். ஆனால் சரியாக அந்த நாளில் தொடங்கியது ஒரே ஒரு வருடம்.

சராசரியோடு சேர்த்துக் கேட்கவேண்டிய அடுத்த எண் திட்டவிலக்கம். சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்பதன் அளவு. இந்தப் பத்து வருடங்களுக்கு அது சுமார் 5 நாள். நீண்ட காலப் பதிவுகளில் சுமார் 7 நாள். ஆகவே ஒரு வாரத் தாமதம் என்பது அபாய அறிகுறி அல்ல, வழக்கமான ஏற்ற இறக்கம்.

தொடங்கும் நாளை வைத்து மொத்த மழையையும் சொல்லிவிட முடியாது. 2009ல் மே 23லேயே மழை தொடங்கியது. நாடு முழுவதற்கும் அந்தப் பருவ மழை நீண்ட கால சராசரியில் 78 விழுக்காடுதான், கடும் வறட்சி. 2019ல் ஜூன் 8 வரை காத்திருக்க வைத்த பருவம் 110 விழுக்காடு பெய்தது. மங்குஸ்தானுக்கும் ரம்புட்டானுக்கும் முன்பணம் கொடுக்கும் பழக்கடைக்காரர் சராசரித் தேதியை மட்டும் நம்பாமல், இரு பக்கமும் ஒரு வார இடைவெளி விட்டுத் திட்டமிட்டால் பதற்றத்தில் முடிவெடுக்க வேண்டியிராது.

நம்பிக்கை 3: "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்."

உண்மை: பானைக்குச் சரி. எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வேகிறது. புளியங்குடி எலுமிச்சை மூட்டை அப்படியில்லை. மேலே இருக்கும் காய்கள் பொறுக்கி வைத்தவையாக இருக்கலாம். லோடு முழுவதையும் தெரிந்துகொள்ள, மூட்டைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, மேல், நடு, அடி மூன்றிலும் கைவிட்டு எடுக்க வேண்டும். எதை எடுப்பது என்பதை எடுப்பவர் விருப்பத்துக்கு விடாததுதான் மாதிரி எடுப்பதன் உயிர்நாடி.

அடுத்து, எத்தனை என்ற கேள்வி. புது மசாலா சிப்ஸை 10 பேருக்குக் கொடுத்து, 7 பேர் அதையே விரும்பினார்கள் என்று வைப்போம். உண்மையில் மக்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்றாலும், 10ல் 7 அல்லது அதற்கு மேல் வருவதற்கு 100க்கு 17 வாய்ப்பு உண்டு. அதை நம்பிக் கொப்பரைக் கணக்கில் மசாலா வாங்க முடியாது. அதே 70 விழுக்காடு 100 பேரில் வந்தால், தற்செயலாக அப்படி அமைய 25,000ல் ஒரு வாய்ப்புகூட அரிது.

கேட்ட 100 பேரும் ஞாயிற்றுக்கிழமை வெளியூர்க்காரர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்; செவ்வாய்க்கிழமை வாங்க வரும் உள்ளூர்க்காரர் நாக்கு வேறாக இருக்கலாம். சிறு மாதிரியை வைத்து முடிவெடுக்கவே முடியாது என்றும் நினைக்க வேண்டாம். டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலைபார்த்த வில்லியம் கோசெட், சில அளவுகளை மட்டும் வைத்து எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்று கணக்கிடும் முறையை 1908ல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் டி-சோதனை, ஒரு தொழிற்சாலையின் அன்றாடத் தேவையில் பிறந்தது.

நம்பிக்கை 4: "டீத்தூளை மாற்றினால் வாடிக்கையாளர் ஒரே வாயில் கண்டுபிடித்துவிடுவார்."

உண்மை: கண்டுபிடிக்கலாம், கண்டுபிடிக்காமலும் போகலாம். சோதித்துப் பார்க்க எட்டு கிளாஸ் போதும். பாலை முதலில் ஊற்றினார்களா, டீயை முதலில் ஊற்றினார்களா என்று குடித்துப் பார்த்தே சொல்வதாக இங்கிலாந்தில் ஒரு பெண்மணி கூறினார். அதை எப்படிச் சோதிப்பது என்பதைத்தான் ரொனால்டு பிஷர் 1935ல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார்.

அதையே நம் டீக்கடையில் செய்யலாம். நான்கு கிளாஸில் பழைய தூள், நான்கில் புதுத் தூள். பால், சர்க்கரை, சூடு எல்லாம் ஒன்றே. வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்யுங்கள். எது எது என்று தெரிந்தவர் பக்கத்தில் நிற்கக் கூடாது. எட்டில் எந்த நான்கு பழையது என்று சொல்ல 70 வழிகள் உண்டு. சும்மா ஊகித்தே எல்லாவற்றையும் சரியாகச் சொல்ல 70ல் ஒரு வாய்ப்புதான், அதாவது 1.4 விழுக்காடு. அண்ணாச்சி எட்டையும் சரியாகச் சொன்னால் அவர் நாக்கை நம்பலாம். பழையதில் ஒன்றையும் புதியதில் ஒன்றையும் மாற்றிச் சொல்லிவிட்டால்? அந்த அளவோ அதைவிட மேலாகவோ ஊகத்திலேயே சொல்ல 70ல் 17 வாய்ப்பு, ஏறக்குறைய கால்வாசி. எட்டில் ஆறு சரி என்பது கேட்க நன்றாயிருக்கிறது, சான்றாக நிற்காது. எவ்வளவு சரியாகச் சொன்னால் ஒப்புக்கொள்வோம் என்பதை முதல் கிளாஸ் நீட்டும் முன்பே பேசிவிடுவதுதான் நேர்மை.

நம்பிக்கை 5: "இத்தனை அடையாளம் பார்த்தோம், ஒன்று பலித்துவிட்டது. அதுதான் மெய்."

உண்மை: எறும்பு ஊர்வது, தும்பி தாழப் பறப்பது, காற்று திரும்புவது என்று மழைக்கு 20 அடையாளங்களைச் சோதிப்பதாக வைப்போம். ஒவ்வொன்றுக்கும் 20ல் 1 என்ற வழக்கமான எல்லைக்கோடு, அதாவது 0.05. எந்த அடையாளத்திலும் உண்மை இல்லை, ஒன்றுக்கொன்று தொடர்பும் இல்லை என்றாலும், ஏதாவது ஒன்றாவது பலித்ததுபோல் தெரிய 64 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. பலித்ததை மட்டும் ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும்.

இந்தப் பொறியை முதலில் கண்டு எச்சரித்தவர்களில் ஒருவர், இந்திய மழையைக் கணிக்க வந்தவர். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலை ஆய்வுத் துறைக்குத் தலைமை வகித்த கணித அறிஞர் கில்பர்ட் வாக்கர், உலகின் பல பகுதிகளின் அழுத்தம், வெப்பம், மழைப் பதிவுகளை நம் பருவமழையோடு ஒப்பிட்டார். பல தொடர்புகளைக் கணக்கிட்டு அவற்றில் பெரியதைப் பொறுக்கினால், அது தற்செயலாகவே பெரிதாகத்தான் இருக்கும் என்று 1914ல் எழுதினார். அந்தக் கவனத்தோடு தேடியவர்தான் பசிபிக் பெருங்கடலுக்கும் நம் மழைக்கும் உள்ள உறவைக் கண்டறிந்தார். பலித்த அடையாளத்தை அடுத்து வரும் வருடங்களில் புதிதாகச் சோதிப்பதே பரிகாரம்.

0.05க்குக் கீழே வந்துவிட்டால் "95 விழுக்காடு உண்மை" என்று பேசுவதும் தவறு. எதுவும் நடக்கவில்லை என்ற நிலையில் இப்படி ஒரு முடிவு எவ்வளவு அரிது என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. நம் கருத்து மெய்யாக இருக்கும் வாய்ப்பை அது சொல்வதில்லை.

நம்பிக்கை 6: "முப்பது வருட அனுபவம் பேசும்போது கணக்கு எதற்கு?"

உண்மை: எதைச் சோதிக்க வேண்டும் என்று அனுபவம் சொல்லும், சோதனைக்கு மாற்றாக அது நிற்காது. 1926ல் ஒடிசாவில் பிராமணி ஆற்றில் பெருவெள்ளம். ஆற்றுப்படுகை மேடாகிவிட்டது, கரையை உயர்த்த வேண்டும் என்றார்கள் அனுபவமிக்க பொறியாளர்கள். பிரசாந்த சந்திர மகலனோபிஸ் சுமார் 60 வருடப் பதிவுகளை அலசினார். படுகை மேடாகியிருக்கவில்லை. ஆற்றின் மேல்பகுதியில் நீரைத் தேக்குவதே வழி என்று அவர் ஆய்வு காட்டியது. 1931ல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர் இவர். இவர் பிறந்த ஜூன் 29ஐத்தான் நாடு புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறது. கரையை உயர்த்தியிருந்தால் பெரும் பணம் போயிருக்கும், வெள்ளமும் நின்றிருக்காது.

நம்பிக்கை 7: "இத்தனை நாள் ஒன்றும் நடக்கவில்லை. இங்கே மழையும் இல்லை. குளிக்கத் தடை எதற்கு?"

உண்மை: ஏழிலும் உயிரோடு விளையாடும் நம்பிக்கை இதுதான். 2024 மே 17 அன்று, சீசன் தொடங்கும் முன்பே, பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. 17 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அருவிக்கு நீர் தருவது மலை மேல் பெய்யும் மழை. கீழே வானம் தெளிந்திருப்பது மேலே நடப்பதற்குச் சான்றாகாது.

"நூறு நாளில் ஒரு நாள்கூட வெள்ளம் வரவில்லை" என்பதன் பொருள் என்ன? அடுத்த நாள் வெள்ளம் வரும் வாய்ப்பு 100ல் 3 வரை இருக்கலாம் என்பதை அந்த நூறு நாள்கள் மறுக்கவில்லை. நாள்களின் எண்ணிக்கையால் 3ஐ வகுத்தால் கிடைப்பது இந்த மேல் எல்லை. புள்ளியியலில் எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ளத் தக்க வாய்ப்பாடு. சான்று கிடைக்கவில்லை என்பது வேறு, ஆபத்து இல்லை என்பது வேறு.

எந்த முடிவிலும் இரண்டு வகைப் பிழைகள் காத்திருக்கின்றன. ஆபத்து இல்லாத நாளில் தடை போடுவது ஒன்று. ஆபத்துள்ள நாளில் குளிக்க விடுவது இன்னொன்று. ஒன்றைக் குறைத்தால், அதே தகவலை வைத்துக்கொண்டு, மற்றது கூடும். முதல் பிழையில் எண்ணெய்த் தேய்ப்புத் தொழிலாளிக்கும் பஜ்ஜிக் கடைக்கும் ஒரு நாள் வரும்படி போகிறது. அந்த இழப்பு மெய்யானது, அதைச் சின்னதாக்கிப் பேசக் கூடாது. இரண்டாவது பிழையில் போவது உயிர். ஆகவே இங்கே எல்லைக்கோட்டை எச்சரிக்கையின் பக்கம் வெகுதூரம் தள்ளித்தான் வைக்க வேண்டும். அதனால் சில நாள் தடை வீணாகத்தான் செய்யும். இரண்டு பிழைகளையும் ஒன்றாகக் குறைக்க ஒரே வழி கூடுதல் தகவல்: மலை மேல் மழைமானிகள், அருவிகளுக்கு மேலே நீர்மட்டக் கருவிகள், தடை விதித்த ஒவ்வொரு நாளிலும் மேலே பெய்த மழையும் கீழே வந்த நீரும் பற்றிய பொதுப் பதிவு. வியாபாரிகள் சங்கங்கள் இதையே கோரிக்கையாக வைக்கலாம். தடை தேவையற்று நீளாமல் இருக்கவும், தேவையான நேரத்தில் தவறாமல் வரவும் அந்தப் பதிவே உதவும்.

வரும் சீசனுக்குக் கடையில் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, அருவியில் தண்ணீர் எப்படி, விற்பனை எவ்வளவு, அன்று புதிதாக என்ன மாற்றினோம்: நான்கு பத்தி போதும். எதையாவது மாற்றும் முன், எவ்வளவு கூடினால் பலித்ததாக எடுத்துக்கொள்வோம் என்று அதே நோட்டில் எழுதிவையுங்கள். முடிந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள், அல்லது சீட்டுப் போட்டு, பழைய முறையையும் புது முறையையும் மாற்றி மாற்றி நடத்துங்கள். நாள்தோறும் கணக்கு எழுதி முடித்த பிறகே கதவடைக்கும் பழக்கம் இந்த வட்டாரத்துக் கடைகளுக்குப் புதிதல்ல. அந்தக் கணக்கு லாப நட்டத்தோடு நிற்காமல் காரணத்தையும் விசாரிக்கத் தொடங்கினால், தவறான காரணத்துக்குக் கொட்டும் பணம் மிஞ்சும். சரியான காரணத்துக்குச் செலவழிக்கத் துணிவும் வரும்.