ஊர்காவலரும் இணையக் கள்வரும்

பண்டை மதுரையின் இரவை மாங்குடி மருதனார் தம் மதுரைக்காஞ்சியில் நன்கு விரித்துரைக்கின்றார். நீலக் கச்சையுடுத்து, நூலேணியை இடையிற் சுற்றி, நிலம் அகழும் உளியேந்திக் கள்வர் திரிவர். கண்டோர் இமைக்குமுன் மறைவர். ஊர்காவலரோ மழைநீர் தெருவில் ஓடும் நள்ளிரவிலும் உறங்கார். இருளில் முகம் யார்க்குத் தெரியும்? கள்வர் பதுங்கும் இடத்தை ஒற்றியறிவதே அவர்தம் திறம்.

இக்காலத்தும் அத்தகைய கள்வர் உளர். இணையத்தில் வேண்டாத விளம்பரங்களையும் வஞ்சகச் செய்திகளையும் சொரிவோர், தம் கணினியின் முகவரியை மறைத்தற்கு வி.பி.என். என்னும் சேவையைக் கையாளுகின்றனர். அது செய்தியை வேறோர் ஊரிலுள்ள கணினி வழியே செலுத்தும். மதுரையினின்று வருவது சிங்கப்பூரினின்று வருவதாகத் தோன்றும். ஒரு முகவரியைத் தடுப்பின் நொடியில் மற்றொன்றைப் பூணுவர். ஒரே முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்வதால் அத்தடை குற்றமற்றோர்மேலும் விழும். வீட்டிலிருந்தே அலுவல் பார்ப்போரும் இத்தகைய சேவையை நாடுகின்றனர். அதனைக் குற்றமென்பது, கதவைத் தாழிடுவோரையெல்லாம் கள்வரென்பது போலாம்.

2022 ஏப்ரல் 28-இல் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு, இச்சேவை நடத்துவோர் வாடிக்கையாளரின் பெயர் முதலியவற்றை 5 ஆண்டுகள் பேணுமாறு ஆணையிட்டது. நிறுவனங்கள் சில தம் கணினிகளையே இந்தியாவினின்று அகற்றிக்கொண்டன.

எனவே, காவல் புரிவோர் முகவரியினும் செயலையே நோக்குதல் வேண்டும். ஒரே செய்தியை நூறிடத்து இடுதலும், சேர்ந்த அன்றே இணைப்புகளைப் பரப்புதலும் இக்கள்வரின் உளியும் நூலேணியும் ஆகும். புதியோரின் முதற் செய்திகளை ஒருவர் படித்துப் பார்த்தபின் வெளியிடுதல் நற்பயன் தரும். அவரும் உறங்காக் கண்ணினராதல் வேண்டும்.