மலை ஏறும் முன்னே மளிகையை முடி: ஸ்கீ விடுமுறைக்கு அக்கா தரும் டிப்ஸ்

பிப்ரவரி ஹாஃப் டெர்முக்கு ரெண்டு குடும்பமாச் சேர்ந்து வால் தோரான்ஸ்ல சமையலறையோட அபார்ட்மென்ட் எடுத்திருக்கோம்னு நீ சொன்னதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். லிஃப்ட் பாஸ், ஸ்கீ வாடகை, பிள்ளைங்களுக்கு ஸ்கீ ஸ்கூல்னு எதுலயும் நீ பேரம் பேச முடியாது. உன் கையில இருக்கறது சாப்பாட்டுச் செலவு ஒண்ணுதான். அதுவும் பெரும்பாலும் மலை ஏறுறதுக்கு முன்னாடியே தீர்மானமாயிடும். அதனால இப்பவே சொல்லிடறேன்.

வால் தோரான்ஸ் பிரெஞ்சு ஆல்ப்ஸ்ல 2,300 மீட்டர் உயரத்துல இருக்கு. அங்க விக்கிற ஒவ்வொரு தக்காளியும் லாரியில மலைப்பாதை ஏறி வந்தது. கடை வாடகையும் அதிகம், சம்பாதிக்கறதும் சீசன்ல மட்டும்தான். அது எல்லாம் விலையில ஏறிடும். மேல இருக்கற ஷெர்பா மாதிரிக் கடைங்களைக் குறை சொல்லலை. அவசரத்துக்கு அதுங்கதான் கைகொடுக்கும். ஆனா ஒரு வாரச் சாமானையும் அங்க வாங்கினா பர்ஸ் தாங்காது. கனமானது, மொத்தமா வாங்கறது எல்லாத்தையும் கீழே பள்ளத்தாக்குலயே முடிச்சுடு. உனக்கு வழியில ஆல்பெர்வில், மூத்தியே ரெண்டு ஊரும் வருது. தீன்யோ லெஸார்க்கோ போறவங்களா இருந்தா பூர்-சான்-மொரீஸ். மலை மேல தினமும் வாங்க வேண்டியது ரொட்டி மட்டும்தான்னு வெச்சுக்கோ.

இதுல ஒரு சிக்கல் சனிக்கிழமை. அங்க அபார்ட்மென்ட் எல்லாம் பெரும்பாலும் சனிக்கு சனி. காலையில ஒரு கூட்டம் இறங்கும், அதே நாள் இன்னொரு கூட்டம் ஏறும். பிப்ரவரியில பிரெஞ்சுப் பள்ளி விடுமுறையும் சேர்ந்துக்கும். ஆல்பெர்வில்லேர்ந்து மூத்தியே போற ரோட்டுல வண்டி ஊர்ந்துதான் போகும். களைச்சுப்போன பிள்ளைங்களைக் கையில பிடிச்சுக்கிட்டு, பசியோட, நெரிசலான சூப்பர் மார்க்கெட்டுல நுழைஞ்சா கண்ணுல பட்டதெல்லாம் கூடைக்குள்ள போகும். அங்கதான் பணம் கரையும்.

அதுக்கு வழி 'டிரைவ்'. லெக்லேர்க், கார்ஃபூர், சூப்பர் யூ எல்லாத்துலயும் இந்த வசதி இருக்கு. வீட்டுல உக்காந்து ஆன்லைன்ல ஆர்டர் போட்டு, எடுத்துக்கற நேரத்தையும் குறிச்சுடலாம். போய் வண்டியை நிறுத்தினா அவங்களே டிக்கியில ஏத்திடுவாங்க. பொதுவா இதுக்குத் தனிக் கட்டணமும் கிடையாது. எனக்கு இதுல பிடிச்ச விஷயம், மொத்தத் தொகை கண்ணெதிரே ஓடிக்கிட்டே இருக்கும். கூடிப்போச்சுன்னா அப்பவே ரெண்டு சாமானை எடுத்துடலாம். விலை பார்க்கும்போது பாக்கெட் விலையைப் பார்க்காதே, பக்கத்துலேயே கிலோவுக்கு எவ்வளவுன்னு போட்டிருப்பாங்க, அதைப் பாரு. பாஸ்தா, டின் தக்காளி, வெண்ணெய் எல்லாம் கடையோட சொந்த பிராண்டே போதும். பால் அங்க பெரும்பாலும் யூ.எச்.டி.தான், ஃப்ரிட்ஜ் இல்லாமலே நிக்கும், ஆறு பாட்டில் கட்டா வாங்கிக்கோ.

டிக்கியில அடுக்கும்போது பனிச் சங்கிலியை மட்டும் எல்லாத்துக்கும் மேல வை. நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் அந்த மலைப்பகுதியில சங்கிலியோ குளிர்கால டயரோ இருக்கணும்னு சட்டம். நடுவழியில பனி கொட்டும்போது முட்டையையும் உருளைக்கிழங்கையும் ரோட்டோரம் இறக்கி வெச்சுச் சங்கிலி தேடக் கூடாது.

இனி லண்டன்லேர்ந்து என்ன கட்டிக்கிட்டுப் போறதுன்னு பார்ப்போம். இதை ரொம்பக் கவனமாக் கேளு. 2021 ஜனவரி 1லேர்ந்து இங்கிலாந்துலேர்ந்து பிரான்ஸுக்குள்ள இறைச்சியும் பால் பொருளும் கொண்டு போகக் கூடாது. நெய் டப்பா, சீஸ், உறைய வெச்ச மட்டன் குழம்பு, வழியில சாப்பிடக் கட்டின சிக்கன் சான்ட்விச், எல்லாம் இதுல அடக்கம். அந்தச் சட்டம் வந்த புதுசுல நெதர்லாந்து துறைமுகத்துல லாரி டிரைவர்கள் கையில இருந்த ஹாம் சான்ட்விச்சைக்கூட வாங்கி வெச்சுட்டாங்க. கைக்குழந்தைக்கான பால் பவுடருக்கு மட்டும் 2 கிலோ வரைக்கும் விலக்கு உண்டு. பச்சைக் காய், பழம், இலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேணும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியான், இந்த அஞ்சுக்குத்தான் வேண்டாம். அதனால கறிவேப்பிலையை வீட்டுலேயே வெச்சுட்டுப் போ.

அரிசி, பருப்பு, ரவை, புளி, சாம்பார்ப் பொடி, மிளகாய்த்தூள் எல்லாம் தாராளமாப் போகலாம். டின் மீன், கருவாடு கூட 20 கிலோ வரைக்கும் தடையில்லை. ஒரு வாரத்துக்காக அங்க போய் முழு பாட்டில் எண்ணெய், முழு டப்பா உப்பு, மிளகு, சர்க்கரைன்னு வாங்கி, கடைசி நாள் பாதியை விட்டுட்டு வர்றதுதான் வீண் செலவு. எல்லாத்தையும் சின்னச் சின்ன டப்பாவுல அளந்து எடுத்துக்கோ. அபார்ட்மென்ட்டுல பாத்திரம் இருக்கும், ஆனா டிஷ்வாஷர் மாத்திரை, ஸ்பாஞ்சு, குப்பைப் பை, டாய்லெட் பேப்பர் பல இடத்துல இருக்காது. அதையும் வீட்டுலேர்ந்தே கட்டிடு.

சமையல்ல ஒண்ணு முக்கியம். அந்த உயரத்துல தண்ணி ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதிச்சுடும். தளதளன்னு கொதிக்கறது மாதிரி தெரியும், ஆனா பருப்பு வேகாது. துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்துல போட்டுட்டு நின்னா ராத்திரி ஆயிடும். உன்னோட 3 லிட்டர் குக்கரை எடுத்துக்கோ, அடிப்பாகம் இண்டக்‌ஷனுக்கு ஒத்து வருமான்னு பார்த்துட்டு எடு. குக்கருக்கு இடமில்லைன்னா மைசூர் பருப்போட நிறுத்திக்கோ, கொண்டைக்கடலையை டின்ல வாங்கிடு. பாஸ்தாவுக்கும் பாக்கெட்ல போட்டிருக்கறதைவிட நாலஞ்சு நிமிஷம் கூட விடு.

ஏழு நாளும் நம்ம சாப்பாடுன்னு பிடிவாதம் வேண்டாம். அந்த ஊர்ச் சாப்பாடே ஏழைகளுக்கு ஏத்த சாப்பாடு: உருளைக்கிழங்கு, வெங்காயம், சீஸ். நாலு பேருக்கு ஒரு தார்த்திஃப்லெட் செய்ய ஒரு கிலோ உருளைக்கிழங்கு, ரெண்டு வெங்காயம், ஒரு முழு ரெப்லோஷோன் சீஸ் போதும். கிழங்கைத் தோலோட வேக வெச்சு, உரிச்சு, தடிமனா வட்ட வட்டமா நறுக்கிக்கோ. வெங்காயத்தைப் பொன்னிறமா வதக்கிக் கிழங்கோட கலந்து தட்டுல பரப்பு. ரெப்லோஷோனைக் குறுக்கா ரெண்டு வட்டமா அறுத்து, தோல் மேல பார்க்கற மாதிரி மூடி, ஓவன்ல வை. சீஸ் உருகிக் கிழங்கு இடுக்குக்குள்ள இறங்கி, மேல தோல் மொறுமொறுன்னு ஆகிறப்போ எடு. அவங்க லார்டோன்னு பன்றி இறைச்சித் துண்டு சேர்ப்பாங்க, அது இல்லாமலும் நல்லாவே இருக்கும், விலையும் குறையும். ரெப்லோஷோன்ல பச்சை முத்திரை இருந்தா ஒரே பண்ணையில செஞ்சது, சிவப்பு இருந்தா பல பண்ணைப் பாலைச் சேர்த்துச் செஞ்சது. ஓவனுக்குச் சிவப்பே தாராளம். போஃபோர் சீஸ் அருமையா இருக்கும், ஆனா விலை அதிகம். சும்மா சாப்பிடச் சின்னத் துண்டு வாங்கு, சமைக்க எமென்டால் எடு. சீஸை உருக்கி ஊத்திச் சாப்பிடற ராக்லெட்டுக்கான மெஷினை நிறைய இடத்துல ரிசெப்ஷன்லயே இரவல் தருவாங்க, போனதும் கேட்டு எழுதி வெச்சுடு.

ஒரு நாள் செலவுல அதிகமா இழுக்கறது மதியச் சாப்பாடு. சரிவு மேல இருக்கற ரெஸ்டாரன்ட்டுல குடும்பத்தோட தினமும் உக்காந்தா, கீழே மிச்சம் பிடிச்சதெல்லாம் போச்சு. பல ரிசார்ட்டுல 'சால் ஓர் சாக்'னு ஒரு ரூம் இருக்கும். கட்டின சாப்பாட்டைக் கதகதப்பா உக்காந்து சாப்பிடறதுக்குன்னே விட்டிருக்காங்க, காசு கிடையாது. லிஃப்ட் ஆபீஸ்ல கேட்டா எங்கேன்னு சொல்லுவாங்க. புளிசாதம் அந்தக் குளிர்ல விறைச்சுப்போகும். சப்பாத்தி ரோலோ முட்டை வெச்ச ரொட்டியோ கட்டு, பிளாஸ்க்ல சூப் ஊத்திக்கோ. பாட்டில் தண்ணி வாங்காதே, குழாய்த் தண்ணியே குடிக்கலாம். ஒரு நாள் ரெஸ்டாரன்ட் போறப்போவும் 'காராஃப் தோ'ன்னு கேளு, ஜக்ல தண்ணி இலவசமா வரும்.

ஃப்ரிட்ஜ் சின்னதா இருக்கும். பால்கனியையே ஃப்ரிட்ஜா ஆக்கிக்கலாம்னு தோணும். உருளைக்கிழங்கும் முட்டையும் அங்க வேண்டாம், ராத்திரி உறைஞ்சுபோகும். வைக்கறதை மூடி உள்ள பெட்டியில வை, மஞ்சள் அலகு மலைக்காக்கா பையைக் கிழிச்சுடும்.

ரெண்டு குடும்பம்ங்கறதால கிளம்பும்போதே ஒரு பொதுப் பணம் போட்டு, யாராவது ஒருத்தரே எல்லாத்துக்கும் கொடுக்கட்டும். ராத்திரிச் சமையல் ஆறு நாளுக்குத் திட்டம் போட்டா போதும். வெள்ளிக்கிழமை மிச்சம் இருக்கற காய், முட்டை, சாதம் எல்லாத்தையும் ஒரு வாணலியில தீர்த்துடுங்க.

சனிக்கிழமைக்கான டிரைவ் நேரம் பிப்ரவரியில சீக்கிரம் தீர்ந்துடும், ஆன்லைன்ல திறந்த உடனே பிடிச்சுடு. லிஸ்ட்டை இந்த வாரமே போட்டு எனக்கு அனுப்பு, ஒரு தடவை பார்த்துத் தரேன்.