பயன் விளைத்த பிழை

2, 4, 8 என்னும் வரிசையில் அடுத்து வரும் எண் யாது என வகுப்பறையில் வினவினால், பெரும்பாலோர் 16 என்பர். அவ்விடை 14 ஆகவும் இருக்கலாம். எண் கோட்பாட்டில் ஒரு தொடரின் கெழுக்கள் 2, 4, 8, 14, 24, 40 என்றே வளர்ந்து செல்கின்றன. இவ்வரிசையைப் பற்றிக் கணிதமேதை சீனிவாச இராமானுஜன் ஒருமுறை தவறாக எழுதினார். அத்தவறு எவர் கையில் சென்று சேர்ந்தது, அவர் அதனை என்ன செய்தார் என்பது கற்போரும் கற்பிப்போரும் அறியத்தக்கது.

கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்தபோது, ஜி. எஸ். கார் என்பவர் தொகுத்த கணித நூலொன்று இராமானுஜன் கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் அடங்கிய அந்நூலில் விரிவான நிறுவல்கள் மிகக் குறைவு. இராமானுஜனும் அவ்வழியே பழகினார். தாளின் விலை கட்டுப்படியாகாத நிலையில் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். பிற பாடங்களில் தேர்ச்சி பெறாமையால் உதவித்தொகையை இழந்தார். கல்லூரிப் படிப்பும் முற்றுப்பெறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார்.

அவ்வாண்டில் அவருடைய முடிவுகள் சில, இலண்டன் பேராசிரியர் ஹில் என்பவரின் பார்வைக்கு அனுப்பப்பெற்றன. விரியும் தொடர்களைக் கையாளும்போது கொள்ளவேண்டிய எச்சரிக்கையை இவ்விளைஞர் அறியவில்லை, தவறான வழியில் சென்றுவிட்டார் என்பது அவர் கருத்து. படிக்க வேண்டிய நூலொன்றையும் பரிந்துரைத்தார். ஹில்லைக் குறைகூறுதல் முறையாகாது. அவர் நேர்மையாகவே மதிப்பிட்டார், அறிவுரையும் நல்லறிவுரையே. ஆயினும், பிழைகளுக்கு அப்பால் அத்தாள்களில் இருந்த புதுமை அவர் கண்ணில் படாமற் போயிற்று.

1913 சனவரி 16ஆம் நாள், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித அறிஞர் ஹார்டிக்கு இராமானுஜன் மடல் எழுதினார். அதனுடன் நூற்றுக்கும் மேற்பட்ட முடிவுகளை இணைத்திருந்தார். அவற்றுள் ஒன்றே மேற்சொன்ன வரிசை பற்றியது. அவ்வரிசையின் எந்த உறுப்பையும் நேரடியாகத் தரும் ஒரு கோவையை அவர் எழுதி, அதன் மதிப்புக்கு மிக அருகிலுள்ள முழு எண்ணே விடை என்றார். முதல் உறுப்புக்கு அக்கோவை 1.98 என்னும் மதிப்பைத் தருகிறது. உண்மை விடை 2. நான்காம் உறுப்புக்கு 14.07, உண்மை விடை 14. பத்தாம் உறுப்புக்கு 231.94, உண்மை விடை 232. இத்தனை பொருத்தத்தைக் கண்ட எவரும் இவ்விதி என்றும் பொருந்தும் என நம்பிவிடுவர். ஆனால் எண்கள் பெரிதாகப் பெரிதாக இடைவெளி வளர்ந்து, அருகிலுள்ள முழு எண் உண்மை விடையாக அமையாமற் போகிறது. கூற்று தவறு.

ஹார்டியும் அவர்தம் நண்பர் லிட்டில்வுட்டும் அம்மடலை ஒன்றாக அமர்ந்து ஆராய்ந்தனர். பிப்ரவரி 8ஆம் நாள் ஹார்டி எழுதிய மறுமொழியில், முன்பே அறியப்பட்டவை, புதியவை எனினும் முக்கியத்துவத்தைவிடப் புதுமை வியப்பாலேயே சுவை பயப்பவை, புதியவையும் சிறப்புடையவையும் என முடிவுகளை வகைப்படுத்தி, நிறுவல்களை அனுப்புமாறு கேட்டிருந்தார். பகா எண்கள் பற்றிய இராமானுஜனின் வேறொரு கூற்றும் பிழையென விரைவில் தெரியவந்தது. அதன்பின்னும் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைக்கும் முயற்சியை ஹார்டி கைவிடவில்லை.

1914இல் அங்குச் சென்ற இராமானுஜனுக்குக் கற்பிப்பது ஹார்டிக்கு எளிதாக இல்லை. அடிப்படையிலிருந்து முறையாகப் பயிலுமாறு வற்புறுத்தினால் அவருடைய தன்னம்பிக்கை குலைந்துவிடலாம். வாளா விட்டுவிட்டால் இன்றியமையாத சிலவற்றை அறியாமலே போய்விடுவார். இவ்விரண்டுக்கும் நடுவே ஹார்டி வழி தேடினார். தாம் கற்பித்ததைவிட அவரிடம் கற்றதே மிகுதி என்று பின்னாளில் எழுதினார். விடைத்தாளில் சிவப்பு மையால் ஒரு குறுக்குக்கோடு இடுவதற்கு நொடிப்பொழுது போதும். அந்த வரியை மாணவன் எவ்வாறு வந்தடைந்தான் என வினவுவதற்குப் பொழுதும் பொறுமையும் வேண்டும். அவ்வினா எழாத வகுப்பறையில், தவறிவிடுவோமோ என்னும் அச்சத்தால் மாணவர் வெற்றுத்தாளைத் தந்துவிடுகின்றனர். வெற்றுத்தாளில் திருத்துவதற்கு ஏதுமில்லை.

தவறான அக்கூற்றை ஹார்டி வெறும் தவறென ஒதுக்கவில்லை. முழு எண்ணுக்கு இவ்வளவு நெருங்கி வரும் கோவை எங்கிருந்து பிறந்தது என்னும் ஆய்வு, இருவரையும் வேறொரு வினாவுக்கு இட்டுச் சென்றது. 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 10 என்னும் எண்ணை 42 வகையாகவும், 100 என்பதை 19 கோடிக்கும் மேற்பட்ட வகையாகவும் பிரிக்கலாம். எந்த எண்ணுக்கும் இவ்வெண்ணிக்கையைக் கணக்கிட ஒரு வாய்பாடு உண்டா? மக்மேகன் என்னும் அறிஞர் 200 வரை கையாலேயே கணக்கிட்டிருந்தார். 200க்கு அவர் கண்ட விடை 3,972,999,029,388. ஹார்டியும் இராமானுஜனும் 1918இல் வெளியிட்ட வாய்பாட்டின் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது கிடைத்தது, அதே எண்ணுடன் 0.004 மட்டுமே மிகுதி. அவர்கள் வகுத்த வட்ட முறை இன்றும் எண் கோட்பாட்டில் ஆற்றல்மிக்க கருவியாக விளங்குகிறது. அந்தப் பொய்யான கூற்று, இராமானுஜன் எழுதியவற்றுள் மிகுந்த பயன் தந்த ஒன்று என ஹார்டியே பதிவு செய்துள்ளார்.

ஆயினும் 1918இன் வாய்பாட்டில் ஒரு குறை இருந்தது. உறுப்புகளை முடிவின்றிக் கூட்டிச் சென்றால் அது நிலையான மதிப்பை எட்டுவதில்லை. 1937இல் ரேடமாக்கர் என்னும் அறிஞர் அதில் சிறு மாற்றம் செய்து, முற்றிலும் துல்லியமான வாய்பாட்டைக் கண்டார். அம்மாற்றத்தால் கிடைத்த வடிவம், இராமானுஜனின் முதல் மடலில் இருந்த கோவையின் வடிவத்தை ஒத்திருந்தது. அதே வாய்பாட்டைத் தாமும் தனியே கண்ட செல்பர்க், இராமானுஜன் நூற்றாண்டையொட்டிய உரையில் இதனைச் சுட்டிக்காட்டி, ஹார்டி அவருடைய உள்ளுணர்வை இன்னும் சற்று நம்பியிருந்தால் இருவருமே அத்துல்லியத்தை எட்டியிருப்பர் என்றார். அவ்வுண்மை வெளிப்பட்டபோது இராமானுஜன் மறைந்து பதினேழு ஆண்டுகள் கடந்திருந்தன.